வேல்ஸ்காரியின் பச்சை வளையல்கள்

தம்போய், ஜொகூர்
சனிக்கிழமை

அன்புள்ள வசந்தினிக்கு,

காலையில் எழுந்ததும் முதல் வேலையாக, தூங்கிக்கொண்டிருந்த லோஷினியின் தலைமாட்டிலிருந்து உன் நாவலை எடுத்து அரிசி டின்னுக்குள் ஒளித்தேன். பசியாற மனமில்லை. வாட்சப்பில் எழுதினால் கைகூப்பும் படம் ஒன்றை அனுப்பி முடித்துவிடுவாய். அதனால்தான் இந்த மின்னஞ்சல்.

கார்டிஃபுக்குப் படிக்கப் போன நீ அங்கேயே தங்கி முதல் சிறுகதைத் தொகுப்பைக் கொண்டுவந்தபோது, பொந்தியான்வரை சொல்லித் திரிந்தவள் நான். இப்போது பத்திரிகைகள் உன்னை வேல்ஸ் எழுத்தாளர் என்றே எழுதுகின்றன. நீ பரிசு வாங்கும் படத்தை, 'எங்க ஆண்டி' என்று எல்லாருக்கும் அனுப்பினாள் என் மகள் லோஷினி.

நாவலில் தம்போய் இல்லை. மலை, மழை, ஆடுகள். ஆனால் உன் கதாநாயகி, அந்த வேல்ஸ்காரி, பிள்ளை உண்டாகாமலே வயிற்றில் துணி கட்டிக்கொண்டு ஊரை ஏமாற்றுகிறாள். மாமியாருக்குப் பயந்து நான் செய்தது அது. துணியைக் கட்டிவிட்டவள் நீ. வளைகாப்பில் முகம் மாறாமல் எனக்கு வளையல் போட்டவளும் நீ. எல்லாவற்றையும் மாற்றிய உனக்கு அந்தப் பச்சைக் கண்ணாடி வளையல்களை மட்டும் மாற்ற மனம் வரவில்லையா?

நேற்று லோஷினி படித்துக்கொண்டே நிமிர்ந்தாள். "ம்மா, வெள்ளக்காரங்களும் வளைகாப்பு செய்வாங்களா? உங்க பிஸ்கட் டின்ல இருக்கிற அதே பச்சை வளையல் லா!" என்று சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன். அடுத்த அத்தியாயத்தில் அந்தப் பெண், யாரோ பெற்ற குழந்தையை வாங்கி வந்து தன்னுடையது என்கிறாள்.

என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். மறுத்திருப்பேன் என்று தெரிந்துதான் நீ கேட்கவில்லை. கடைசியில் அவள் எல்லாரையும் மன்னித்துவிடுகிறாள். அங்கே மட்டும்தான் அவள் நானில்லை.

அரிசி டின் எத்தனை நாளைக்கு? லோஷினி எழுந்ததும் நானே சொல்லிவிடப் போகிறேன். சிங்கப்பூரில் இரவு வேலைக்குப் போன இவர் இன்னும் வரவில்லை, அவரிடம்கூடச் சொல்லவில்லை. இதையும் முதலில் உன்னிடமே சொல்கிறேன், பார்.

குழந்தையை என் கையில் கொடுத்தவள் நீ. பெற்றவளின் முகத்தைப் பார்த்தவளும் நீ ஒருத்திதான். லோஷினி உன்னைக் கூப்பிட்டுக் கேட்பாள். நடந்ததை மட்டும் சொல். அவளிடமாவது எதையும் சேர்க்காதே, மாற்றாதே.

நல்லபடியாக இரு.

செல்வராணி