அப்பாவின் மாத்திரை டப்பா யாருடையது

கந்தாவுத் தீவு,
ஞாயிறு, ஆராதனை முடிந்த பிறகு.

அன்பு மகன் எரோனிக்கு அம்மா மகெரெத்தா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் இங்கே எல்லாரும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், அங்கே குயின்ஸ்லாந்தில் நீயும் அப்படித்தான் இருக்கிறாய் என்று உன் கையெழுத்தில் பார்த்தால்தான் எனக்குச் சாப்பாடு இறங்கும். அப்பாவைப் பற்றி உன் தங்கை போனில் பாதிதான் சொன்னாள், மீதியை நான்தான் சொல்ல விடவில்லை. சிக்னலுக்காக மலை ஏறினால் நமக்கு முன்பே பத்துப் பேர் அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்கள் காதில் விழுகிற மாதிரி இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இப்போது ஊருக்கே தெரிந்துவிட்டது, உனக்கு மட்டும் எதற்கு மறைப்பது.

அன்றைக்குச் சேம்புத் தோட்டத்தில் அப்பாவின் வலது கையிலிருந்து கத்தி நழுவி விழுந்தது. எடுக்கக் குனிந்தவர் நிமிர்ந்தபோது வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது, என் பெயரைக்கூடக் குழறினார். அரை மணி நேரத்தில் எல்லாம் சரியாகிவிட்டது, மரவள்ளியை இன்னும் வேக வைக்கவில்லையா என்று என்னையே அதட்டினார். ஆனாலும் படகில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், இரண்டு நாள் வைத்திருந்தார்கள். பிரஷர்தான், இது எச்சரிக்கை, அடுத்த தடவை இப்படி விட்டுப் போகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். முப்பது மாத்திரை கொடுத்து, நாளுக்கு ஒன்று, குறையவில்லை என்றால் இரண்டாக்குவோம் என்று அனுப்பினார். அந்த அரை மணி நேரம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும், உன் அப்பா இல்லாத வீட்டை நான் அப்போதே பார்த்துவிட்டேன்.

நாங்கள் வீடு திரும்பின அன்று வந்து அப்பாவிடம் பேசிவிட்டுப் போன நம் நர்ஸ் கெலெரா, பன்னிரண்டாம் நாள் மறுபடி மலை தாண்டி வந்து பிரஷர் அளந்தாள். உனக்கு அவளைத் தெரியாது, நீ போன பிறகு வந்தவள், சின்னப் பெண்தான், ஆனால் கண்ணில் எதுவும் தப்பாது. கொஞ்சமும் இறங்கவில்லை. ஒழுங்காகப் போடுகிறீர்களா என்று கேட்டிருந்தால் உன் அப்பா பெரிய மனிதர் தோரணையில் தலையை ஆட்டியிருப்பார், மாத்திரையும் இரண்டாகியிருக்கும். அவள் அதைக் கேட்கவே இல்லை. டப்பாவை ஒரு தடவை பார்க்கலாமா என்று என்னிடம் கேட்டாள். பதினெட்டு இருக்க வேண்டிய இடத்தில் ஐந்து இருந்தது.

மகனே, கொடுத்தது நான்தான். உன் சித்தப்பா சகெயாசி வாசலில் நின்று, அண்ணி, எனக்கும் தலை கனமாக இருக்கிறது, கொஞ்சம் கொடுங்கள் என்றால் நான் என்ன செய்வது? சொந்தக்காரன் கெரெகெரே என்று உரிமையோடு கேட்டு வந்தபின் இல்லை என்று சொல்ல என்னை யாரும் வளர்க்கவில்லை. மீனைக் கொடுத்தோம், பாயைக் கொடுத்தோம், உன் சட்டையைக்கூட அவன்தான் போட்டுக்கொண்டு திரிகிறான். அவனுக்குப் பத்து கொடுத்தேன். போதகரின் மனைவி லித்தியா கேட்டார், எட்டு கொடுத்தேன். மிச்சம் மாதக் கடைசி வரை வர வேண்டுமே என்று அப்பா ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டுக்கொண்டார், அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஊரில் நல்ல பெயர் வாங்கப் போய் கட்டின புருஷனைக் கொல்லப் பார்த்திருக்கிறேன். நர்ஸ் முன்னால் அழுதுவிட்டேன்.

அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். என் பக்கத்தில் பாயில் உட்கார்ந்து, "தப்பு என் மேலயும்தான்மா. அப்பாகிட்ட மட்டும் பேசிட்டுப் போயிட்டேன், வீட்டுக்கு யார் யார் வந்து கேப்பாங்கன்னு உங்ககிட்ட நான் கேக்கவே இல்லையே" என்றாள். பிறகு, மாத்திரை எதற்கு, ஒருநாள் விட்டால் என்ன ஆகும் என்று சொல்லிவிட்டு, அதையே என்னைத் திருப்பிச் சொல்லச் சொன்னாள். நாலு பிள்ளை பெற்றவளை ஒண்ணாங்கிளாஸ் பிள்ளை மாதிரி நடத்துகிறாளே என்று எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனால் வாயைத் திறந்தால் பாதிக்கு மேல் வரவில்லை. மூன்றாவது தடவைதான் முழுசாகச் சொன்னேன்.

எல்லாம் புரிந்தது, ஆனால் சகெயாசி நாளைக்கு மறுபடி வந்தால் எந்த முகத்தோடு மறுப்பது என்று கேட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்று பையை எடுத்துக்கொண்டு போனாள். இரண்டு நாள் கழித்து வந்தாள், யூனிபார்மில் இல்லை, கையில் முறை செய்து கேட்கும்போது வைக்கிற யாங்கோனா வேர்க் கட்டு. வாசல் பக்கமே உட்கார்ந்து, முறைப்படி கை தட்டி, அப்பாவின் மாத்திரை டப்பாவைத் தனக்குக் கெரெகெரேயாகத் தர வேண்டும் என்று கேட்டாள். உன் அப்பா திகைத்துப் போனார், ஆனால் முறையாகக் கேட்டபின் மறுக்க முடியுமா, எடுத்து நீட்டினார். அவள் அதில் தன் பெயரை எழுதிப் புது மாத்திரைகளைப் போட்டு என் மடியில் வைத்தாள். "இனி இது என் பொருள்மா. உங்க வீட்ல வச்சிருக்கேன், தினம் ஒண்ணு அப்பாவுக்கு எடுத்துக் குடுங்க. வேற யார் கேட்டாலும், நர்ஸோட பொருள், அவகிட்டயே போய்க் கேளுங்கன்னு சொல்லுங்க."

அடுத்தவர் பொருளை எடுத்துக் கொடுக்க யாரால் முடியும்? சகெயாசி வந்தான், சொன்னேன், முனகிக்கொண்டே மலை ஏறினான். அவனை அளந்தால் அப்பாவைவிட அதிகமாம். இப்போது அவனுக்கென்று தனி மாத்திரை, அவன் டப்பாவிலும் அவள் பெயர். அப்பாவுக்கு ஐந்தே வாரத்தில் பிரஷர் இறங்கிவிட்டது, இரண்டாக்க வேண்டியதில்லை என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். உன் அப்பா என்னவோ தானே மருந்து கண்டுபிடித்த மாதிரி நடக்கிறார்.

போன செவ்வாய் பெண்கள் கூட்டத்தில் இதை நான் எழுந்து சொல்ல வேண்டும் என்று கெலெரா கேட்டாள். நீயே சொல் என்றேன், நான் சொன்னால் தலையை ஆட்டிவிட்டுப் போவார்கள், நீங்கள் சொன்னால் கேட்பார்கள் என்றாள். எழுந்து, யார் யாருக்கு என்று பெயர் சொல்லாமல், நான் கொடுத்ததையும் அப்பாவுக்கு வந்ததையும் சொன்னேன். சொல்லி முடித்ததும் ஏன்தான் எழுந்தோமோ என்று ஆகிவிட்டது. அப்போது லித்தியா தன் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து முடிச்சை அவிழ்த்து என் முன்னால் பாயில் வைத்தார். எட்டு மாத்திரையும் அப்படியே இருந்தன. தலை சுற்றுகிற அன்றைக்குப் போடலாம் என்று பத்திரப்படுத்தியிருக்கிறார், பாவம். கெலெரா அங்கேயே அவர் கையில் பிரஷர் பட்டையைச் சுற்றினாள், பின்னால் பெண்கள் வரிசையாக உட்கார்ந்துகொண்டார்கள். கூட்டம் முடிய மதியம் தாண்டிவிட்டது, மீன் குழம்பு ஆறிப்போனது.

அதனால் அவசரப்பட்டு வேலையை விட்டுவிட்டு ஓடி வராதே, அப்பா நன்றாக இருக்கிறார். உனக்கும் முப்பத்தெட்டு ஆகிறது, இந்த வாரமே அங்கே நர்ஸிடம் போய்க் கையைக் காட்டி, அவள் சொல்லும் இரண்டு எண்களையும் எனக்கு எழுது. நன்றாக இருக்கிறேன் என்று மட்டும் எழுதினால் ஒத்துக்கொள்ள மாட்டேன். மாத்திரை கொடுத்தால் டப்பாவில் என் பெயரை எழுதிக்கொள். உன் அறையில் இருக்கும் நம் ஊர்ப் பையன்கள் யார் கேட்டாலும், இது அம்மாவுடையது, அம்மாவிடம் கேள் என்று சொல்.

நூறு வயது இருக்க உன்னை ஆண்டவர் காக்கட்டும்.

உன் அம்மா,
மகெரெத்தா