முக்கியமானவங்க வரும்போது எடுக்கலாம்

அன்பு மகளே,

இங்கே நான், உன் அம்மா, உன் பெரிய மாமா மூவரும் நலம், என் மானம் ஒன்றைத் தவிர. அது போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் உன் நெட்டையன் முன்னால் போய்விட்டது. அவன் உன்னிடம் சொல்லியிருப்பான், சொல்லாவிட்டால் நல்ல பிள்ளை, ஆனாலும் உன் அம்மா கண் காது மூக்கு வைத்துச் சொல்லி அனுப்புவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். லீவில் வந்திருக்கிறேன், நீ கொடுத்த பார்சலோடு அஞ்சு மணிக்கு வருகிறேன் என்று போனில் சொன்னான். அஞ்சு மணி என்றால் நம் வீட்டுக் கணக்கில் ஆறு, ஆறரை, குளிக்க நேரம் இருக்கிறது என்று அரை டிராயரோடு ஹால் சோபாவில் சாய்ந்து கண்ணை மூடினேன். அந்த மகராசன் அஞ்சு மணிக்கே வந்து நின்றான், எங்கேதான் கற்றுக்கொண்டானோ இந்தக் கெட்ட பழக்கத்தை. உன் அம்மா கதவைத் திறக்க, நான் பதறி எழுந்திருக்க, சோபாவின் பிளாஸ்டிக் உறையில் ஒட்டியிருந்த என் தொடை இரண்டும் பிய்த்துக்கொண்டு வந்தன. வலி கிடக்கட்டும், அது போட்ட சத்தம் இருக்கிறதே! மாப்பிள்ளை ஆகப்போகிறவனோ ஆகாதவனோ, ஒருவனை முதன்முதலில் வரவேற்கிற சத்தமா அது? சோபாதான் தம்பி, சோபாதான் என்றேன். பரவால்லங்க அங்கிள் என்றான். பரவாயில்லை என்றால் நம்பவில்லை என்று அர்த்தம். நான் திரும்ப உட்கார்ந்து திரும்ப எழுந்து நிரூபித்துக் காட்டினேன். இரண்டாம் தடவை சத்தமே வரவில்லை.

அப்புறம் பேன்ட் மாட்டிக்கொண்டு நான் வருவதற்குள் உன் மாமா அவனைப் பிடித்துக்கொண்டார். உனக்குத்தான் தெரியுமே, உன் மாமாவுக்கு உடம்பு மட்டும்தான் இங்கே, ஆள் இன்னும் அவர் ஆபீசில் சூப்பரின்டென்டென்டாக இருந்த வருஷத்தில்தான் குடியிருக்கிறார். அப்பெல்லாம் பிஸ்கட் கடிச்சா சத்தம் கேட்கும் என்று அவன் கையில் இருந்த பிஸ்கட்டைக் காட்டி வருத்தப்பட்டார். பாவம் பையன், பேச்சை மாற்றலாம் என்று நினைத்து, சோபா புதுசா ஆன்ட்டி, கவர்கூட பிரிக்கலையே என்று கேட்டுவிட்டான். நீ எட்டாம் வகுப்பு படித்தபோது வாங்கியது. உன் அம்மா மலர்ந்துபோய், இல்லப்பா, யாராவது முக்கியமானவங்க வந்தா எடுக்கலாம்னு வச்சிருக்கேன் என்றாள். அவன் அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கிறான்! எனக்கு டீ புரையேறியது. உன் மாமா பழைய ஆபீசிலிருந்து அவசரமாகத் திரும்பி வந்து ஃபேனைப் பார்த்தார். சொன்ன பிறகுதான் உன் அம்மாவுக்கு உறைத்தது, நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவன் நிதானமாக டீயைக் குடித்து முடித்து, அப்ப நான் இன்னும் கொஞ்ச வருஷம் கழிச்சு வரேன் ஆன்ட்டி என்றான். எல்லோரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள், உங்க பொண்ணும் அப்படித்தான் சொல்லியிருக்கா என்றான். அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

வாசலில் ஷூ லேஸ் கட்டும்போது என்னிடம் மட்டும் சொன்னான். வேறு ஊரில் வேலை கிடைத்திருக்கிறதாம், இந்த மாசக் கடைசிக்குள் பதில் சொல்லணுமாம், உன்னிடம் கேட்டால் பதவி உயர்வு வரட்டும், சொந்த வீடு ஆகட்டும், அப்புறம் பார்க்கலாம் என்கிறாயாம். போகாதேன்னா போகல, போன்னாலும் போயிடுவேன், அப்புறம்னா நான் எங்க நிக்கிறது அங்கிள் என்று கேட்டான். நான் என்ன சொல்ல, நம் கடையில் ஃப்ரிட்ஜ் பார்க்க வந்தவர் சொல்வதுபோல, யோசிச்சு சொல்றோம் தம்பி என்றேன். என் புத்தியை என்னவென்று சொல்ல.

அதிலிருந்து எனக்கு ஒரே யோசனை. நம் கடைக்கு வருகிறவர்களையே எடுத்துக்கொள். ஒருவர் ஃப்ரிட்ஜ் கதவைத் தட்டிப் பார்த்து, எங்க பழசு இரும்பு மாதிரி இருக்கும் என்று பெருமூச்சு விடுவார். ஒருவர் இன்னும் பிறக்காத பேரப்பிள்ளைகளுக்கும் சேர்த்து சைஸ் பார்ப்பார். ஒருவர் இன்னிக்கு ராத்திரியே ஐஸ் கிடைக்குமா என்பார். உடனே பில் போடச் சொல்கிறவர் இந்த மூன்றாவது ஆள்தான், மறுமாசம் தவணை கட்டாமல் ஓடி ஒளிகிறவரும் அவர்தான். நான் அந்த மூன்றாவது ரகம், உன் அம்மா இரண்டாவது, உன் மாமா முதலாவது, மூன்று பேரும் ஒரே பாத்ரூமுக்கு அடித்துக்கொள்கிறோம். வீடு மட்டுமா, நம் தெருவில் ஒரு மொட்டை மாடியாவது முடிந்திருக்கிறதா பார், எல்லாவற்றிலும் கம்பி நீட்டிக்கொண்டு நிற்கிறது. மகன் வந்து மேல்மாடி கட்டுவானாம். மகன் வேறு நாட்டில் வாடகைக்கு இருக்கிறான், கம்பியில் அப்பா பனியன் காய்கிறது. ஒரு தெருவே வராத மாடிக்குக் கீழே குடியிருக்கிறது. உன் அம்மாவைக் குறை சொல்லவும் முடியவில்லை, அவள் அப்புறம் அப்புறம் என்று எடுத்து வைத்ததில்தான் நீ படித்தாய், என் கையில் விட்டிருந்தால் அதையும் நாம் ஐஸ்கிரீமாகத் தின்றிருப்போம்.

ஆனால் அவன் போனதும் அவள் செய்ததைக் கேள். நேராகப் போய்க் கத்தரிக்கோலை எடுத்து வந்து உறையைக் கிழித்தாள். உள்ளே சோபா நீலம். நாங்கள் இத்தனை வருஷமாகப் பச்சை என்று சொல்லிக்கொண்டிருந்தோம், பிளாஸ்டிக் மஞ்சளாகப் பழுத்துப் போனதை யார் கண்டது. அவள் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, அந்தப் பிள்ளையை இது மேல உட்கார வச்சிருக்கலாம் என்று ஒரே ஒரு முறை சொன்னாள். பிறகு கிழித்த பிளாஸ்டிக்கை மடித்துப் பரண்மேல் போட்டாள், எதற்காவது ஆகுமாம். அந்தக் காலத்து பிளாஸ்டிக் என்று உன் மாமாவும் சிபாரிசு செய்தார்.

பாப்பா, அவனைக் கட்டிக்கொள் என்று நான் சொல்லவில்லை. பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்று சொல்லிவிடு, அவன் வேறு ஊரில் போய்ப் பிழைத்துக்கொள்வான், அஞ்சு மணிக்கு வருகிறவனுக்கு எங்கேயும் வேலை கிடைக்கும். பிடித்திருந்தால் வீடு வாங்கிய பிறகுதான் சிரிப்பேன் என்று உட்கார்ந்திருக்காதே. ஒரு மனுஷனை உறை போட்டு வைக்காதே, அவ்வளவுதான். மாசக் கடைசிக்குள் அவனுக்கு ஒரு பதில் சொல்லு, எங்களுக்கு அப்புறம் சொன்னால் போதும்.

ராத்திரியில் வெறும் பிரெட்டைத் தின்றுவிட்டுத் தூங்காதே. மாமா தன் பழைய ஆசீர்வாதமே இன்னும் செல்லுபடியாகும் என்று சொல்லச் சொன்னார். அம்மாவும் நானும் புதிதாக ஒன்று அனுப்புகிறோம், இன்றைக்கே எடுத்து உபயோகி. அந்தச் சத்தம் சோபாதான் என்று அவனிடம் மறக்காமல் சொல்.

இப்படிக்கு,
உன் அப்பா

பி.கு.: இவ்வளவையும் தரையில் உட்கார்ந்துதான் எழுதினேன். பேனா கசிகிறது, சோபா புதுசு.