மெகாபோட் ஓடாமல் நின்ற காலை

மழை விட்டிருக்கிறது. லென்ஸில் பூஞ்சை பிடித்துவிடக் கூடாதே என்று உன் கேமராப் பையை வெயிலில் வைக்க எடுத்தேன். மடிப்புக்குள்ளிருந்து கொஞ்சம் கடற்கரை மணல் உதிர்ந்தது. இப்போது நாம் இருக்கும் மின்னி பே மணல் இல்லை அது. முன்பு நாம் இருந்த தீவின், நம் கேம்பல் பே மணல்.

அங்கே நமக்குக் கடைசிக் காலை. மறுநாள் கப்பல், போர்ட் பிளேர் ஆஸ்பத்திரிக்கு உனக்கு மாற்றல் வந்திருந்தது. சருகையும் மணலையும் மேடாகக் குவித்து, அதற்குள் முட்டையிடுமே மெகாபோட் பறவை, அது மேட்டைக் கிளறுவதை ஒரு படமாவது எடுத்துவிட வேண்டும் உனக்கு. நர்ஸ் வேலையில் கிடைத்த விடுமுறையெல்லாம் அதற்கே போயிருந்தது. பச்சைத் துணியைப் போர்த்திக்கொண்டு புதருக்குள் எத்தனை முறை மூச்சடக்கிக் கிடந்திருப்போம்! ஒவ்வொரு முறையும் ஓடிவிடும்.

அன்றும் ஓடியது. பக்கத்துத் தென்னந்தோப்பில் இருந்த உன் அண்ணன் சிரித்தார்.

"அரே மாப்ளே, இப்படி சுப்சாப்னு சத்தமில்லாம பதுங்கினா வேட்டைக்காரன்னு நெனைக்காதா? நான் தெனமும் இங்கதான் காய் உரிக்கிறேன். அது திரும்பிக்கூடப் பாக்காது."

"அப்ப நீ உரிண்ணே" என்றாய்.

"லாரி வந்துரும், நான் போகணும். ஒன் வாத்தியார உரிக்கச் சொல்லு."

எனக்கும் விளங்கியது. என் பள்ளியிலும் ஜன்னலோரம் ஒளிந்து பார்த்தால் பிள்ளைகள் விறைத்துப்போவார்கள். வகுப்பிலேயே உட்கார்ந்து நோட்டுத் திருத்தினால் நம்மை மறந்துவிடுவார்கள்.

தரையில் நட்டிருந்த கூரான இரும்புப் பாரையில் காயைக் குத்தினேன். "மாப்ளே, அது தேங்கா, பசங்க காது இல்ல. பலமா திருகுங்க!" என்று சொல்லிவிட்டு அண்ணன் போனார். நீ காய்க்குவியல் அருகே வெட்டவெளியில், கேமராவை மடியில் வைத்து உட்கார்ந்தாய்.

வெகுநேரம் கழித்துப் பின்னால் சருகு சலசலத்தது. ஆசையில் கையை நிறுத்தினேன், சலசலப்பும் நின்றது.

"திரும்பாதீங்க, உரிங்க!" என்றாய் மெதுவாக.

உள்ளங்கை எரிய உரித்தேன். மீண்டும் கிளறும் சத்தம். நடுவே உன் கேமராவின் சத்தம். பறவையை நான் பார்க்கவே இல்லை. உன் முகத்தை மட்டும் பார்த்தேன். அதில் தெரிந்துவிட்டது, படம் கிடைத்துவிட்டதென்று.

போர்ட் பிளேர் கண்காட்சியில் அந்தப் படத்தின் முன்னால்தான் கூட்டம். மணலை வாரி இறைக்கும் கால்கூட அத்தனை துல்லியம்! என் மனைவி எடுத்தது என்று கேட்காதவர்களிடமும் சொன்னேன். இன்றும் சொல்கிறேன்.

என் பெயர் எத்தனையோ பள்ளிப் பலகைகளில் இருந்திருக்கிறது. ஆனால் நான் சுமந்து திரிவது, அந்தப் படத்தின் கீழே உன் பெயரை அடுத்து நீ எழுதவைத்த வரியைத்தான்: 'தேங்காய் உரித்தவர், என் கணவர்.'