பெட்டிக்கு வெளியே நின்றவன்

வாவி முகத்துவாரத்து மணலை இரண்டு தரம் வெட்டி வெள்ளத்தைக் கடலுக்கு விட்ட வருசம் இது. பாதி வயல்வட்டை தண்ணீருக்குள் கிடந்தது. பாலத்தடியில் இறால் கூடை கூடையாகப் பட்டது. எங்கள் வீட்டுக்கு அகலத் திரை வந்ததும் இந்த வருசம்தான். வருசங்களை நான் இப்படித்தான் அடையாளம் வைப்பேன் என்பது உனக்குத் தெரியும், மச்சான். எனக்கு எழுத்து வராது. நான் சொல்லச் சொல்ல மகள்தான் இதைத் தட்டுகிறாள், அந்தத் திரையிலேயே.

கலியாண அல்பம் செய்கிற வேலை அவளுக்கு. பழைய மொனிட்டர் சதுரமாக, பிஸ்கட் தகரத்து மூடி போல இருந்தது. அல்பத்தில் ஒரு பக்கத்தைப் பார்த்தால் மறுபக்கம் தெரியாது. புதியதை மேசையில் ஏற்றி வைத்ததும், சுவரில் இருந்த உன் தங்கச்சியின் படம் பாதி மறைந்துவிட்டது. ஆணியைப் பிடுங்கி ஒரு சாண் மேலே அடித்தோம். இப்போது அவள் முன்னையை விட உயரத்தில் இருந்து எங்களைப் பார்க்கிறாள்.

"என்னப்பா, எப்பிடி இரிக்கு?" என்று மகள் கேட்டாள். ஒரு பார்வைக்குள் அது அடங்கவில்லை. நடு வாவியில் தோணியை நிறுத்திவிட்டு ஒரு கரையைப் பார்த்து, பிறகு மறு கரையைப் பார்க்கிறதுபோலக் கழுத்தைத் திருப்ப வேண்டியிருந்தது. அம்புக்குறி ஏதாவது மூலைக்குள் போய் ஒளித்துக்கொண்டால் அவளே தேடித்தான் பிடிக்கிறாள். முதல் நாள் பின்னேரம் கழுத்தில் எண்ணெய் பூசிக்கொண்டு, "பழையதே நல்லம் போல கிடக்கு" என்று முணுமுணுத்தாள். அடுத்த நாள் ஒரு அல்பத்தை இரண்டு பக்கமும் சேர்த்து விரித்தாள். இந்தக் கரையில் பொம்பிளை, அந்தக் கரையில் மாப்பிள்ளை. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்த நேரம்தான் நீ என் மனதுக்குள் வந்து குந்திக்கொண்டாய். நம்முடைய பழைய டீவிப் பெட்டியில் அப்படி இரண்டு பேர் பார்த்துக்கொண்டதே இல்லையே.

சூறாவளியில் விழுந்த தென்னைகளுக்குப் பதிலாக நட்ட பிள்ளைகள் முதல் பாளை தள்ளிய வருசம், நீ ஒரு கலர் டீவியும் வீடியோ டெக்கும் ஜெனரேட்டரும் கொண்டுவந்து இறக்கினாய். நம் செட்டிபாளையத்தில் அதற்கு முன் அவற்றை வாடகைக்கு விட்டவர் இல்லை. வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில் இருந்துதான் நிறையப் பேர் கேட்டு வந்தார்கள். அங்கே கரண்ட் இல்லை. அங்கே போகத் தோணி வேண்டும், தோணிக்கு நான் வேண்டும். விரிப்பால் சுற்றிய டீவியை மடியில் அணைத்துக்கொண்டு நீ நடுவில் இருப்பாய், புதுப்பொம்பிளையைக் கூட்டிப் போகிறவன் மாதிரி.

"தோணி கவிண்டா முதல்ல பெட்டியத் தூக்கு. மறுகா என்னத் தூக்கு."

"உன்னத் தூக்கி என்னத்துக்கு? நீயா படம் காட்டுற?"

"நான் இல்லாட்டி உந்தப் பெட்டி பாதிப் படம்தான் காட்டும், மச்சான்."

அது வீம்புப் பேச்சு இல்லை. தியேட்டரில் அகலமாக ஓடுகிற படத்தைக் கசெட்டுக்குள் அடைக்கும்போது இரண்டு பக்கத்தையும் வெட்டிவிடுவார்கள். நடுத்துண்டுதான் நமக்கு. ஒரு படத்தில் காதலனும் காதலியும் ஆளுக்கொரு பக்கம் நின்று கதைக்க, நம் பெட்டியில் நடுவில் இருந்த பூச்சாடி மட்டும் தெரிந்தது. "என்னகா, பூச்சாடியா கதைக்குது?" என்று சனம் விழுந்து விழுந்து சிரித்தது. நீ எழும்பிப் போய் டீவிக்குப் பக்கத்தில் நின்றாய்.

"இஞ்சால அவ நிக்கிறா, பச்சைச் சாறி. அங்கால அவன். அவ நிலத்தப் பாக்கிறா, அவன் அவவப் பாக்கிறான்."

கையை நீட்டி, பெட்டிக்கு வெளியே வெறும் காற்றில் காட்டினாய். சனம் டீவியை விட்டுவிட்டு உன் கை போன இடத்தைப் பார்த்தது. அதற்குப் பிறகு, டவுன் தியேட்டரில் முழுசாகப் பார்க்காத எந்தப் படத்தையும் நீ எடுத்ததில்லை. ஊர் ஊராகப் போய்ப் பெட்டிக்கு வெளியே நடக்கிறதைச் சொன்னாய். சனமும் டீவியைக் கேட்டு வருவதை விட்டுவிட்டு உன்னைக் கேட்டு வரத் தொடங்கியது.

படுவான்கரையில் ஒரு அக்காவின் வீட்டுக்கு நாம் போனது, அவருடைய இளைய மகள் பெரியபிள்ளையான சாமத்தியச் சடங்குக்கு. மூத்த மகன் அதற்கு முந்திய மாரியில் தகப்பனோடு கொளுவிக்கொண்டு வீட்டை விட்டுப் போனவன். எங்கே போனான் என்று ஒருவருக்கும் தெரியாது. கரையில் சாமான் இறக்கும்போதே அக்கா உன்னிடம் வந்துவிட்டார். "தம்பி, நீங்க ஊர் ஊராத் திரியிற ஆக்கள். எங்கயும் கண்டா, அம்மா ஏசமாட்டா எண்டு சொல்லுங்க." நீ தலையை ஆட்டிவிட்டு ஜெனரேட்டரைத் தூக்கிக்கொண்டு நடந்தாய்.

பொழுதுபட்டு மம்மலாகும்போது முற்றத்தில் பன்பாய் விரித்துப் படம் போட்டோம். தாய் ஒருத்தி குடிசையில் சாகக் கிடக்கிறாள். மகன் பட்டணத்தில் பெரிய டாக்குத்தர். ஆள் அனுப்பியும் அவன் வரவில்லை. பெட்டி நிறையத் தாயின் முகம்தான். கடைசியில் அவள் முகத்தை ஒரு பக்கம் திருப்புகிறாள், மெல்லச் சிரிக்கிறாள், கண் மூடிவிடுகிறது. முன்வரிசையில் இருந்த அக்கா சத்தமாகக் கேட்டார்.

"ஆரப் பாத்துச் சிரிக்கிறா, தம்பி? பொடியன் வந்திட்டானா?"

நீ பெட்டிக்கு இடப்பக்கம் போய் நின்றாய். எப்போதும் ஓடுகிற உன் வாய் அன்று கொஞ்சம் பிந்தித்தான் திறந்தது.

"வந்திட்டான் அக்கா. இந்தா, இதில நிக்கிறான்."

"அழுறானா?"

"அழுறான்."

"தோளில பை கிடக்கா?"

"கிடக்கு."

"நீலமா?"

"நீலம்தான்."

மகன் போனதில் இருந்து பொழுதுபட்டால் சோற்றில் கை வைக்காதவர், அன்று நம்மோடு குந்திச் சாப்பிட்டார். அவருடைய மகன் நீலப் பையோடுதான் போனான் என்பது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. தெரிந்தபோது எனக்கு மயிர் சிலிர்த்தது. படம் எடுத்தவனுக்கு இது எப்படித் தெரிந்தது என்று யோசித்தேன். கோட்டுப் போட்ட டாக்குத்தர் துணிப்பையைத் தோளில் கொளுவிக்கொண்டு வருவானா என்று நான் யோசிக்கவே இல்லை.

அவருடைய மகன் இன்றுவரை வரவில்லை. கணவர் போய்விட்டார். அக்கா இப்போது அந்த இளைய மகளோடு பெரியகல்லாற்றில் இருக்கிறார். கோயிலடியிலோ செத்த வீட்டிலோ நம்மைக் கண்டால் ஒரே கேள்விதான். "அந்தப் பொடியன் நல்லா அழுதானா, தம்பி?" நீயும் ஒவ்வொரு தரமும், புதிதாகக் கேட்டவன்போல நின்று, "நல்லா அழுதான் அக்கா" என்பாய். நீ கண்ணை மூடிச் சில மாரி கழிந்துவிட்டது. அந்தப் பதிலை இப்போது நான் சொல்லி வருகிறேன்.

என் வாய்தான் சும்மா இருக்காதே. அல்பம் விரிந்ததைக் கண்ட அன்றே மகளின் போனை வாங்கி அக்காவிடம் சொல்லிவிட்டேன். "அக்கா, அகலப் பெட்டி வந்திட்டு. இதில ஒண்டையும் வெட்டமாட்டானுகள். வாங்க, பொடியன முழுசாப் பாப்பம்." "ஞாயிற்றுக்கிழமை வாறன், தம்பி" என்றார்.

அதற்குப் பிறகுதான் மகள் நெட்டில் அந்தப் படத்தைத் தேடி எடுத்தாள். முழு அகலத்தில், துடைத்து வைத்த மாதிரிக் கிடந்தது. கடைசிக் கட்டம் வந்தது. தாய் முகத்தைத் திருப்பினாள். அவள் திரும்பிய பக்கத்தில் ஒரு மண்சுவர். சுவரில் சாய்த்து வைத்த உலக்கை. வேறு ஒன்றும் இல்லை, மச்சான். ஒருவரும் இல்லை.

"திருப்பிப் போடு" என்றேன். போட்டாள். மண்சுவர்தான்.

"மாமா நல்லாப் புழுகியிருக்கார், அப்பா."

"வாயப் பொத்து" என்றேன். (இதையும் எழுதவா என்று கேட்கிறாள். எழுது.)

நீ சொன்ன மற்றப் படங்களையும் ஒவ்வொன்றாகத் தேடச் சொன்னேன். பூச்சாடிப் படத்தில் பச்சைச் சாறி. அவள் நிலத்தைப் பார்க்கிறாள், அவன் அவளைப் பார்க்கிறான். இன்னொன்றில் கதவுக்குப் பின்னால் கத்தியோடு நிற்கிறவன். பாட்டில் ஓரமாகப் போகிற ரெயில். எல்லாம் நீ கை காட்டிய இடத்திலேயே இருந்தன. ஊர் ஊராகச் சொன்னதில் ஒரே ஒரு பொய். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. அன்று அக்கா வீட்டில் இருந்து திரும்பி வரும்போது தோணியில் நீ ஒரு வார்த்தை கதைக்கவில்லை. களைப்பு என்று நினைத்தேன். எனக்காவது சொல்லியிருக்கலாம். கூட இருந்தவன் நான்தானே.

ஆனால் கோபப்பட நேரம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அந்த மனுசி வந்து மண்சுவரைப் பார்க்கப்போகிறார். மகன் வந்து நின்றான், தாய் அவனைக் கண்டுவிட்டுத்தான் கண்ணை மூடினாள் என்ற அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு இவ்வளவு காலமும் இருந்தவர். அதைப் பிடுங்குகிற கை என்னுடையதாகிவிடுமே என்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பெட்டி பழுது என்று சொல்லுவோமா என்று பார்த்தேன். அதற்குள் அக்காவின் மகள் போன் எடுத்து, அம்மா சாறியை மடித்து வைத்துவிட்டு ஞாயிறு எப்ப என்று கேட்டுக்கொண்டிருக்கிறா என்றாள்.

என் மகள்தான் வழி சொன்னாள். அந்தப் படத்தின் பழைய கசெட் கொப்பியும் நெட்டில் இருக்கிறதாம். அதைப் போட்டால் அகலத் திரையிலும் நடுவில் மட்டும்தான் படம் விழும், இரண்டு பக்கமும் கறுப்பாக இருக்கும். "நீங்க மாமா மாதிரிப் பக்கத்தில நிண்டு சொல்லுங்க அப்பா." எனக்கும் அது சரியாகப் பட்டது.

அக்கா ஓட்டோவில் வந்து இறங்கினார். முதுகு வளைந்திருந்தது, கண் தெளிவு. திரையை ஒரு அந்தத்தில் இருந்து மறு அந்தம் வரை கையால் தடவிப் பார்த்தார். "அம்மாடி, ஒரு ஆள் படுக்கலாம் போல" என்றார். படம் ஓடத் தொடங்கியதும் நெற்றியைச் சுருக்கினார்.

"என்ன புள்ள, ரெண்டு பக்கமும் கறுப்பாக் கிடக்கு?"

"அது... பழைய படம் மாமி. அப்பிடித்தான் வரும்."

"அப்ப என்னத்துக்குப் புள்ள இவ்வளவு அகலமா வாங்கின? ஒளிச்சி வெக்கவா? முழுசாப் போடு."

மகள் என்னைப் பார்த்தாள். நான் பக்கத்தில் நின்று கை நீட்டத் தயாராகத்தான் இருந்தேன். ஆனால் உன்னைப்போல எனக்கு வாய் திறக்கவில்லை. அக்கா வெட்டாத படத்தைப் பார்க்க வந்தவர். இனியும் ஒரு துண்டை வெட்டிக் கொடுக்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது? "போடு" என்றேன்.

தாய் முகத்தைத் திருப்பினாள். மண்சுவர். உலக்கை. தாய் சிரித்தாள், கண் மூடினாள். மகள் படத்தை அதிலேயே நிறுத்திவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். அக்கா கதிரையில் இருந்து முன்னுக்கு வந்து, இடப்பக்கத்து ஓரத்தைத் திரையில் மூக்கு முட்டுகிற அளவுக்குக் கிட்டப் பார்த்தார்.

"சுவருக்கு அங்கால நிக்கிறான் போல" என்றார்.

பிறகு என் பக்கம் திரும்பினார். "இதவிட அகலமா ஒண்டு வராதா, தம்பி?"

"வரும் அக்கா" என்றேன்.

கொஞ்சமும் பிந்தவில்லை, மச்சான். நீ அன்று பெட்டிக்குப் பக்கத்தில் நின்று தயங்கிய அந்த இடத்தில் நான் தயங்கவில்லை. சொன்ன பிறகுதான், தோணியில் நீ ஏன் வாய் திறக்கவில்லை என்பது எனக்கு விளங்கியது. சொல்லிவிட்டால் அதைச் சுமக்கவும் வேண்டும். இரண்டு பேர் தெரிந்து வைத்திருந்தால் அது புழுகு. ஒருவன் மட்டும் வைத்திருந்தால் அந்தப் பொடியன் அங்கே நிற்கிறான்.

போகும்போது ஓட்டோவுக்குள் இருந்து தலையை நீட்டி, "வந்தா மறக்காமச் சொல்லிவிடுங்க" என்றார். மகளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். இதைவிட அகலமான திரை எப்போது வந்தாலும், நான் இருந்தாலும் இல்லாவிட்டாலும், முதலில் பெரியகல்லாற்றுக்குத்தான் போன் எடுக்க வேண்டும். படுவான்கரையில் அன்று அந்த முற்றத்தில் இருந்து படம் பார்த்த பெரிய ஆட்களில், நீ கை காட்டிய இடத்தை இன்னும் பார்த்துக்கொண்டிருப்பவர் ஒருவர்தான் மிச்சம். தில்லையம்மா அக்கா.