பச்சோந்தி பார்க்கக் கூடாத மாதங்கள்

நவம்பர் 9, சனி
இன்று காட்டுக்கு வந்தது ஒரு பிரெஞ்சுக் குடும்பம். மரத்துக்கு மரம் தாவும் லெமூர்களைக் காட்டினேன், பெரிய அருவியைக் காட்டினேன். அவர்களுக்கு வேண்டியதென்னவோ நகத்தளவு பச்சோந்திதான். சருகுக்குள் கண்டுபிடித்துக் காட்டியதும் கை தட்டினார்கள். எங்கள் வழிகாட்டிகளில் நான் ஒருத்திதான் பெண். பெருமை வராதா? கூடவே வாந்தியும் வந்தது. மரத்துக்குப் பின்னால் போய்க் கக்கிவிட்டு வந்தேன். இனி வீட்டில் மறைக்க முடியாது.

நவம்பர் 11
சொல்லிவிட்டேன். என் புருஷன் ஜௌவிதா சிரித்தான், பிறகு அழுதான். அவன் அம்மா சோற்றுப் பானையை இறக்கி வைத்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார். "பச்சோந்தியத் தொட்டியா?"
இல்லை என்றேன். பார்த்ததைச் சொல்லவில்லை.

நவம்பர் 12
பிள்ளைத்தாச்சி பச்சோந்தியைப் பார்த்தால் கருவுக்கு ஆகாதாம். போன வருடம் நாலாம் மாதம் கலைந்ததும் அதனால்தானாம். வேலையை விடு என்கிறார் மாமியார். அத்தை, அப்போது நான் இந்த வேலையிலேயே இல்லையே என்றால், வழியில் எங்கேயாவது பார்த்திருப்பாய் என்கிறார். என்ன பேசுவது இவரிடம்?
புருஷனிடம் போய் நியாயம் கேட்கலாம் என்றால், அவன் பச்சோந்தி குறுக்கே வந்தால் வண்டியையே பள்ளத்தில் இறக்குகிறவன்.
மருத்துவச்சி நன்றாக நடக்கலாம் என்றாள். ஆனாலும்— எனக்கும் பயம்தான். சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தது. லேசாக வயிறு இழுத்தாலும் அதுதான் ஞாபகம் வருகிறது.

நவம்பர் 20
வேலையை விடவில்லை. வீட்டில் பேச்சு வார்த்தை இல்லை.

நவம்பர் 30
மாமியார் அருவியில் வேண்டிக்கொள்ளக் காணிக்கையாகத் தேனும் ரம்மும் எடுத்துக்கொண்டார். கூட்டிப் போனது நான்தான். தலையை நிமிர்த்தாமல் நட என்று வழியெல்லாம் கட்டளை. தண்ணீரில் தேனை ஊற்றிவிட்டு, எனக்குக் கேட்கும்படி சத்தமாகவே வேண்டினார். பிள்ளையைக் கொடு, அப்படியே இவளுக்குக் கொஞ்சம் புத்தியையும் கொடு.
திரும்பும்போது ஒரு கிளை அவர் தோளில் உரசியது. முக்காட்டில் பச்சைப் பச்சோந்தி ஒன்று, முழங்கை நீளம். அத்தை நட்ட கல்லாய் நின்றுவிட்டார். நான் குச்சி ஒடிக்கப் போனேன்.
"குச்சி வேணாம்டி, கோவத்துல கடிச்சு வச்சுரும். கையாலயே எடு."
"நான் தொடக்கூடாதே அத்தை."
"நான் போயிட்டா உம் புள்ளைய யாரு பாத்துக்குவா? எடுடி."
எடுத்தேன். குளிர்ந்த கால்களால் விரலைப் பிடித்துக்கொண்டது. பெரணிச் செடியில் விட்டேன். மிச்சமிருந்த ரம்மை என் கையில் ஊற்றிக் கழுவிவிட்டார் மாமியார்.
இதை ஜௌவிதாவிடம் சொல்ல வேண்டாமாம்.

டிசம்பர் 15
நாலாம் மாதம். எனக்கும் அத்தைக்கும் தூக்கமில்லை. மாமியார் தினமும் என் முகத்தையே பார்க்கிறார்.

டிசம்பர் 31
நாலு தாண்டிவிட்டது.

ஜனவரி 16
மருத்துவச்சி வயிற்றில் குழந்தையின் துடிப்பு கேட்கும் மரக்குழலை வைத்து, நீங்களும் கேளுங்கள் என்று மாமியாரைக் கூப்பிட்டாள். காதை வைத்தவர் எடுக்கவே இல்லை. அடுத்தவள் வெளியே காத்திருக்கிறாள் என்று சொல்லித்தான் எழுப்பினோம்.

ஜனவரி 20
காலையில் என் சீருடைச் சட்டையைக் கொடியில் காணோம். மாமியார் வாசலில் உட்கார்ந்து பல்லால் நூலைக் கடித்துக்கொண்டிருந்தார். பக்கத் தையலைப் பிரித்து, தன் மேல்துணியில் இரண்டு பட்டை வைத்துத் தைத்திருந்தார்.
"போட்டுப் பாரு. ஒம்பதாம் மாசம் வரைக்கும் காணும்."