பம்பின் வாயில் கட்டிய வலை

என் பாசமுள்ள காக்கா,

இன்று உங்கள் தங்கச்சி நான், உங்கள் பட்டறையைத் திறந்து கூட்டினேன். நீங்கள் எங்களை விட்டு மவுத்தாகி ஒரு நோன்புப் பெருநாளும் போய்விட்டது. சீமெந்துத் தொட்டியின் அடியில் உமி இன்னும் ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. கழுவ மனம் வரவில்லை, விட்டுவிட்டேன்.

ஒரு பிடி உமியைத் தொட்டித் தண்ணீரில் எறிந்து, பம்பை ஓடவிட்டு, உமி எங்கே சுழல்கிறது, எங்கே தேங்குகிறது என்று குந்தியிருந்து பார்ப்பீர்களே, நினைவிருக்கிறதா? பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு வந்த நான், பம்புக்குள் தண்ணீர் ஓடும் விதத்தைக் கணினியில் சிவப்பும் நீலமுமாகக் காட்டினேன். நீங்கள் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "ஓம், இது என்ட உமிதானேகா. கலர் பூசி வெச்சிருக்காய்" என்றீர்கள். அன்றைக்கு எனக்கு எவ்வளவு கோபம்! இப்போது அந்தக் கிண்டலுக்காகவே ஏங்குகிறேன்.

வாய்க்காலில் இருந்து வயலுக்குத் தண்ணீர் ஏற்ற நீங்கள் செய்த நீட்டுக் குழாய்ப் பம்புக்கு நிந்தவூரில் நல்ல பெயர். குழாய்க்குள் காற்றாடி போலச் சுற்றும் இதழ், தண்ணீரை நேராக மேலே தள்ளும். அந்த இதழின் சரிவைக் கொஞ்சம் மாற்றினால் அதே டீசலுக்குக் கூடுதல் தண்ணீர் வரும் என்று கணினி சொன்னது. நீங்கள் மறுபேச்சில்லாமல் நான் சொன்ன அளவுக்கே வளைத்துத் தந்தீர்கள்.

வரிப்பத்தான்சேனையில் பெரிய நிலக்காரர் மீராலெவ்வைப் போடியாரின் வயலில் அதை இறக்கினோம். முதல் நாளே கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குவது மாதிரிச் சத்தம். மூன்றாம் நாள் இதழ் முறிந்தது. நெல் வேளாண்மை கதிர் தள்ளும் நேரம், வயல் காய்ந்து வெடித்துக் கிடந்தது.

குழாயை மேலே இழுத்தபோதுதான் பார்த்தேன். வாய்க்காலில் மிதக்கும் சல்வீனியாச் செடி உள்ளே போகாமல் இருக்க, நம் பக்கத்தில் எல்லோரும் செய்வதுபோல, பம்பின் வாயில் கல்முனைக்குடியில் வாங்கிய பழைய மீன்வலையைக் கட்டியிருந்தார்கள். வலை முழுக்கச் செடி அப்பி, தண்ணீர் ஒரு பக்கத்தால் மட்டும் திருகிக்கொண்டு ஏறியிருக்கிறது. என் கணினியிலோ சுத்தமான தண்ணீர் நேராக வந்துகொண்டிருந்தது. அந்த வலையைப் பார்த்துப் பார்த்துத்தான் வளர்ந்தேன். கணக்கில் போடத் தோன்றவில்லையே, ஏன் காக்கா?

"ஆருட வேல இது?" என்று போடியார் கத்தினார். நான் வாயைத் திறக்குமுன் நீங்கள் முன்னால் போய் நின்று, "என்ட கைப்பிழை போடியார். வளைச்சது நான்தானே" என்றீர்கள். நான் உங்கள் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன். திரும்பும் வழியெல்லாம் மோட்டார் சைக்கிளில் உங்கள் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தேன். நாளைக்குப் போய் உண்மையைச் சொல்லலாம் என்று நாளைக் கடத்தினேன். அடுத்த மாதமே நெஞ்சுவலி உங்களைக் கொண்டுபோய்விட்டது.

இனி இப்போதைய சேதி. கணினிக்குள் வலையைக் கட்டினேன், செடியையும் அப்ப வைத்தேன். பம்பின் வாயை அகட்டி, வலையை ஒரு கம்பிக் கூட்டில் தள்ளிக் கட்டி, தண்ணீரை நேராக்க உள்ளே மூன்று தகடு வைத்ததும் அந்தத் திருகல் அடங்கியது. நம்பாமல், உங்கள் தொட்டியில் உமி போட்டும் பார்த்தேன். உமியும் அதையேதான் சொன்னது. நீங்கள் சிரிப்பது கேட்கிறது!

போன கிழமை புதுப் பம்பைப் போடியாரின் வாய்க்காலில் இறக்கினேன். சத்தமே இல்லை, தண்ணீர் குழாய் நிறைய வந்தது. அழுகையை அடக்க முடியாமல், "போடியார், அண்டைக்கு நடந்த பிழை என்ட. காக்காட இல்ல" என்றேன்.

"அது எனக்குத் தெரியும் புள்ள" என்றார். "ரெண்டு நாளைக்குப் பொறகு அவரு தனிய வந்தாரு. 'தங்கச்சி வலையப் பாத்துட்டா. ஒரு நாளைக்கு அதையும் சேத்துக் கணக்குப் போட்டுக்கிட்டு வருவா. குழாய வித்துப்போடாதீங்க' எண்டு சொல்லிட்டுப் போனாரு. அந்தா, மாமரத்தடியில கிடக்கு."

கிடந்தது காக்கா. அதே வலையோடு.

இனி எந்தப் பம்பானாலும், அதன் வாயில் என்ன கட்டியிருக்கிறார்கள் என்று வாய்க்காலில் இறங்கிப் பார்த்த பிறகுதான் கணினியைத் திறப்பேன். பிழை என்னுடையது என்றால் அந்த இடத்திலேயே, நானே முன்னால் வந்து சொல்வேன். அல்லாஹ் நீங்கள் அடங்கியிருக்கும் கப்றை வெளிச்சமாக்குவானாக.

அன்றைக்கு உங்கள் முதுகுக்குப் பின்னால் நின்ற
தங்கச்சி பௌசியா