இடது செருப்பு

ஏங்க,

மீன் குழம்பும் சோறும் அடுப்பு மேடையிலேயே இருக்கின்றன. குனிய வேண்டாம்.

முதுகு வலி போய்விட்டது என்று நேற்று சத்தியம் செய்தீர்கள். எனக்கு நம்பிக்கை இல்லை. வலி போனவருக்குக் கீழே விழுந்த சாவியை எடுக்க நான் ஏன் வரவேண்டும்?

போர்ட் பிளேரிலிருந்து வரும் நரம்பு டாக்டர் இன்று ஒருநாள்தான் நம் கேம்பல் பே ஆஸ்பத்திரியில் இருப்பார். டோக்கன் வாங்க முன்னால் போகிறேன். பக்கத்து வீட்டுத் தம்பி ஆட்டோ கொண்டு வருவான், மறுக்காமல் ஏறி வாருங்கள்.

பட்டாளத்தில் வலி என்று சொன்னால் மெடிக்கல் கேட்டகரியைக் குறைத்துவிடுவார்கள், பிரமோஷன் போய்விடும் என்று மறைத்தீர்கள். பென்ஷன் வாங்கியும் அந்தப் புத்தி போகவில்லை. இன்றைக்கும் டாக்டரைப் பார்த்ததும் விறைத்து நின்று சல்யூட் அடித்து, "ஏக்தம் ஃபிட், சாப்!", ஒரு குறையும் இல்லை என்பீர்கள். அவரும் நம்பித் தொலைப்பார்.

ஆபரேஷனா, ஊசியே போதுமா என்று அப்புறம் சண்டை போடலாம். முதலில் உண்மை தெரியட்டும்.

விசாலம்

பி.கு: இடது செருப்பைத் தேடாதீர்கள். நீங்கள் இடது காலை இழுத்து இழுத்து நடந்ததில் அதன் முனை தேய்ந்து ஓட்டையாகிவிட்டது. என் பழைய செருப்பை மாட்டிக்கொண்டு வாருங்கள். உங்களுடையதை டாக்டரிடம் காட்டப் பையில் எடுத்துப் போகிறேன். அதற்கு சல்யூட் அடிக்கத் தெரியாது.